கன்னிமாருக்குச் சேர வேண்டிய பொம்மை

விடிந்தபோது குழந்தையின் தலை நனைந்திருந்தது.

ஆர்கியாஸ் முதலில் வியர்வை என்று நினைத்தான். அறுவடை முடிந்து களமும் அடித்தாகிவிட்ட பருவம். இரவிலும் சுவர்கள் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தன. ஆனால் வியர்வை இப்படிச் சில்லென்று இருக்காது. மகளின் முடியை விரல்களால் பிழிந்தான். தண்ணீர் அவன் மணிக்கட்டு வழியே ஓடி முழங்கையில் சொட்டியது. முகர்ந்து பார்த்தான். கிணற்றுத் தண்ணீர் இல்லை. வெயிலே பட்டிராத கல்லின் வாசனை, பாசியின் வாசனை, அதற்கும் அடியில் எங்கோ லேசாகத் தேன். முடி சிக்கில்லாமல் சீவி, நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் கயிறு போல முறுக்கிவிடப்பட்டிருந்தது.

அந்த வீட்டில் அப்படி முறுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளைப் புதைத்து ஓர் அறுவடை கடந்துவிட்டது.

அவன் மனைவி மெலித்தாவுக்குக் காய்ச்சல் வரவில்லை, நோவு ஒன்றும் வரவில்லை. மலைச்சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள், முழங்கால் அளவுத் தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடந்தாள். கன்னிமார் எடுத்துக்கொண்டார்கள் என்று ஊரார் சொன்னார்கள். சுனையில் செத்த இளம்பெண்களைப் பற்றி அப்படித்தான் சொல்வது வழக்கம். நகரத்துக்குப் போய்ப் பேச்சுக்கலை படித்துவிட்டு வந்தவன் ஆர்கியாஸ். அதை ஒரு மரியாதைச் சொல்லாகத்தான் எடுத்துக்கொண்டான். அவளை அவன்தான் தூக்கி வந்தான். அப்போதுதான் செத்தவள், ஆனால் கைகால் ஒன்றும் மடங்கவில்லை. நினைத்ததைவிட அதிகமாகக் கனத்தாள். அவன் அங்கியில் அப்பிய செம்மண் எத்தனை முறை துவைத்தும் போகவில்லை.

அதற்குப் பிறகு அவன் அழவில்லை. சத்தமாகப் பேசவில்லை, சிரிக்கவில்லை. திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்தான். வைத்ததைச் சாப்பிட்டான். உடம்புக்குள் எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. அதைத் தட்டிப் பார்க்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாளும் மிக்காவின் முடி நனைந்திருந்தது. அதற்கு மறுநாளும். அவளுக்கு ஐந்து வயது. காலையில் எழுந்தால் அவள் விரல்கள் மடங்கவில்லை. முற்றத்தில் வெயில் ஏறியபிறகுதான் முழங்கை அசைந்தது. வாற்கோதுமைக் கூழை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படுக்கை விரிப்பை உதறியபோது அதிலிருந்து மெல்லிய சிவப்புத் தூள் பறந்தது. உடைந்த பானை ஓட்டைத் தேய்த்தால் உதிருமே, அந்த மாதிரி.

யார் தலை சீவியது என்று கேட்டான். அம்மா என்றாள். பயமாக இருந்ததா என்று கேட்டான். இல்லை, அங்கே மூன்று அக்காக்கள் இருக்கிறார்கள் என்றாள். பிறகு, பொம்மையின் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"அவங்க தூக்கினாத்தான் அம்மா கை தூக்கும்."

விட்டாள். பொம்மையின் களிமண் கை அதன் உடம்பில் மோதியது. டொக்.

அது மெலித்தாவின் பழைய பொம்மை. சாண் உயரம், சுட்ட மண். தோளிலும் தொடையிலும் துளையிட்டுக் கயிறு கோத்திருந்தது. கன்னத்துச் சாயம் தேய்ந்துபோயிருந்தாலும் உதட்டுச் சிவப்பு மட்டும் அழியவில்லை. ஆர்கியாஸ் அதைத் தினமும் பார்த்தவன்தான். அது ஏன் இந்த வீட்டில் இருக்கிறது என்று அன்றுதான் முதன்முறையாக யோசித்தான்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் எந்தப் பெண்ணும் தன் பொம்மையைக் குகைக்குக் கொண்டுபோய்க் கன்னிமாரிடம் கொடுத்துவிட வேண்டும். விளையாடிய பிள்ளை அங்கேயே தங்கிவிடும், மனைவியாகப் போகிறவள் மட்டும் கீழே இறங்குவாள். மெலித்தாவும் போனாள். பந்தங்களும் குழலும் கேலிச்சிரிப்புமாய் ஊர்ப் பெண்கள் அவளைக் கூட்டிப்போனதை அவனே அடிவாரத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

அடுப்பருகே இருந்த சூராவிடம் கேட்டான். மெலித்தாவைச் சிறுவயதிலிருந்து வளர்த்தவள் அவள், சீதனத்தோடு கூடவே இந்த வீட்டுக்கு வந்த அடிமைப்பெண். வாய் ஓயாதவள். கேள்வியைக் கேட்டதும் அவள் கையில் இருந்த அகப்பை நின்றது.

"இதை விட்டுட்டு தூக்கமே வராதுன்னு அழுதா, ஐயா. சந்தையில புதுசா ஒண்ணு வாங்கினோம். பழசு மாதிரி தெரியணும்னு நான்தான் சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்." அகப்பையைப் பானைக்குள் விட்டாள். "சிரிச்சுக்கிட்டே தேய்ச்சோம், ரெண்டு பேரும்."

அவன் அவளைத் திட்டவில்லை. மகளின் தலையைத் துவட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவளைப் பொம்மையோடு தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

மெலித்தாவின் அண்ணன் தெரோனின் ஆட்டுப்பட்டி பார்னெஸ் மலையின் பாதி ஏற்றத்தில் இருந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கின் ஓரமாகவே போனால் குகை. தெரோன் பெரிய குரல்காரன். மலையில் வாழ்கிறவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தங்கை பொம்மையில் ஏமாற்றிய கதையைக் கேட்டதும் அவன் திட்டினான், காறித் துப்பினான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். உடனே கொடுத்துவிட வேண்டும் என்றான். பொம்மையை மிக்கா கையிலிருந்து விடமாட்டாள் என்பதால் அவளையும் குகைவரை கூட்டிப்போக வேண்டியிருந்தது. தெரோன் தேனில் ஊறிய அப்பமும் பால் கலயமும் எடுத்துக்கொண்டான். வழி நெடுக மைத்துனனுக்கு முறைகளைச் சொல்லிக்கொண்டே நடந்தான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆர்கியாஸுக்கும் தெரியும்.

சத்தம் போட்டுக்கொண்டே போக வேண்டும். பாட்டோ சிரிப்போ கெட்டவார்த்தையோ எதுவானாலும் சரி. ஆட்டுக்கால் தெய்வமான பான் குடியிருக்கும் குகைக்குள் யாரும் சும்மா நுழைவதில்லை. நாம் வருகிறோம் என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவர்கள் அவரவர் இடத்துக்குப் போய்ச் சுவரில் கல்லாக நிற்பார்கள். உச்சிவெயிலில் போகக் கூடாது. ஆட்டுக்காலன் தூங்கும் நேரம் அது, குழல்கூட ஊதக் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் இடையில்தான் பகலில் கொஞ்ச நேரம் மனிதர்களுக்கு விட்டுவைக்கப்பட்டிருந்தது.

"இன்னொண்ணு, மாப்ள. வெக்கும்போது இது யாரோடது, எதுக்காக வெக்கிறோம்னு சத்தமா சொல்லணும். சொல்லாம வெச்சா அதுங்களுக்குப் பிடிச்சதை ஈடா எடுத்துக்கும். பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் வெக்கப்பட்டுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம ஒரு பாலாடைக்கட்டியை வெச்சுட்டு வந்தான். அவன் நாய் குரைக்கிறதை எடுத்துக்கிச்சுங்க."

"நாயையா?"

"நாய் இருக்கு. குரைப்புதான் இல்ல. வாயைத் தொறக்கும், மூடும். பாவம், அது பாட்டுக்குத் திருடனைப் பார்த்து வாயைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு நிக்குது." தெரோன் தானே சிரித்தான். "நீ பட்டணத்துல பேசப் படிச்சவன்தானே. நாலு வார்த்தை பேச மாட்டியா?"

மிக்காவால் வேகமாக நடக்க முடியவில்லை. முழங்கால் மடங்காமல், காலை வீசி வீசி நடந்தாள். தூக்கிக்கொள்ளட்டுமா என்றால் வேண்டாம் என்றாள். அவள் சிவப்புப் பூக்களைப் பார்த்து நின்றாள், பல்லியைப் பார்த்து நின்றாள். குகைக்குக் கீழே காட்டத்தி நிற்கும் திருப்பத்துக்கு வந்தபோது நிழல்கள் எல்லாம் காலடிக்குள் சுருங்கிவிட்டன. தெரோன் அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தான். வெயில் சாயட்டும், பிறகு மூன்று பேருமாகக் கத்திக்கொண்டே போகலாம் என்றான். தண்ணீர் கலந்த மதுவைக் குடித்தான். அத்தியில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் வாய் திறந்துகொண்டது.

சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. காதுக்குள் மணலைக் கொட்டுவது போன்ற அந்தச் சத்தம், பாறைகளிலிருந்து எழும் சூடு, கால்பட்டு நசுங்கிய தைம் செடியின் காரநெடி, பள்ளத்தின் மறுபக்கத்தில் எங்கோ ஓர் ஆட்டின் மணி, எல்லாம் சேர்ந்து ஆர்கியாஸைக் கிறங்கடித்தன. பிறகு, யாரோ விரலை உயர்த்திக் காட்டியதைப் போல, எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது.

சில்வண்டு இல்லை. மணி இல்லை. தெரோனின் மூச்சு மட்டும்.

மிக்கா பொம்மையை அவனிடம் நீட்டினாள். இதுவரை யார் கேட்டும் கொடுக்காதவள்.

"நீயே குடுத்துடுப்பா. அம்மா இப்ப அங்கதான் இருக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கத்தாதே. நீ கத்தினா அம்மா போயிடுவா."

அவன் தெரோனைப் பார்த்தான். எழுப்பியிருக்கலாம். தோளைத் தொட்டாலே போதும். மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, உடனே சத்தமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மெலித்தாவினுடையது, அவளுடைய கடன் இது, குழந்தையை விட்டுவிடுங்கள். சொற்கள் தயாராக இருந்தன. மகளை அத்தி நிழலில், தெரோனின் காலருகே உட்காரவைத்தான். நகராதே என்றான். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பொம்மையின் கால்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அவற்றை உள்ளங்கைக்குள் சேர்த்துப் பிடித்தான். செருப்பைக் கழற்றினான். ஏறினான்.

குகைவாயின் மாடங்களில் பழைய விளக்குகள் இருந்தன, எறும்பு மொய்த்த அப்பத் துண்டுகள் இருந்தன. உள்ளே காலை வைத்ததும் வெயில் அவன் முதுகை விட்டு நீங்கியது. வாசனைதான் முதலில் வந்தது, விடியலில் மகளின் முடியில் வந்த அதே வாசனை. கல், பாசி, தேன். இருட்டு பழகப் பழகத் தரை தெரிந்தது. காலங்காலமாகப் பெண்கள் கொண்டுவந்து வைத்த பொம்மைகள் நொறுங்கித் தரை முழுக்கப் பரவிக் கிடந்தன. கைகள், கால்கள், கழன்ற தலைகள், அவற்றுக்கு நடுவே விளையாட வைத்த ஆட்டுக் கணு எலும்புகள். அவன் ஒவ்வொரு அடியையும் விரல் நுனியில் வைத்து, அழுத்தம் தந்து, பிறகே அடுத்த காலை எடுத்தான். உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது. இரண்டு சொட்டுகளுக்கு நடுவே வேறொரு சத்தம். ஈர முடியில் சீப்பு இறங்கும் சத்தம்.

உட்சுவருக்கு வந்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பழக்கமான சுவர். கைகோத்து நடக்கும் மூன்று பெண்களையும், பாறைமேல் குழலோடு உட்கார்ந்திருக்கும் ஆட்டுக்காலனையும் யாரோ அதில் செதுக்கியிருந்தார்கள்.

கையை வைத்துத் தடவினான்.

சுவர் வழவழவென்று இருந்தது.

ஒன்றுமே இல்லை.

இடது பக்கம், தண்ணீர்த் தொட்டி இருக்கும் பள்ளத்தில், கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அங்கே மூன்று பெண்கள் குந்தியிருந்தார்கள். பருவமடையாத பெண்களின் முதுகு. விளையாட்டில் மூழ்கிய பிள்ளைகள் போலத் தலைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே மெலித்தா.

தொட்டியின் விளிம்பில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். அவள் மேல் துணி இல்லை. உடம்பு உடம்பாகவே இருந்தது. இடுப்பில் அந்த மச்சம்கூட இருந்தது. தோளில் மட்டும் ஒரு துளை. துளைக்குள் கயிறு. ஒருத்தி தலை சீவினாள். ஒருத்தி அவள் கையைத் தூக்கினாள். தூக்கி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, விட்டாள்.

டொக்.

மூவரும் மூச்சுவிடாமல் சிரித்தார்கள்.

மெலித்தாவின் தலை அசையவில்லை. கண்கள் அசைந்தன. அவனைப் பார்த்துவிட்டன.

ஆர்கியாஸின் உடம்புக்குள் அந்தக் கதவு திறந்துகொண்டது. எல்லாம் ஒன்றாக வந்தது. அவளுடைய குரல், அவள் வெந்நீர் வாசனை, தூக்கத்தில் அவள் போடும் கால். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். சத்தம் வந்தால் போய்விடுவாள்.

அவள் கண்கள் பொம்மையைப் பார்த்தன. பிறகு குகைவாயைப் பார்த்தன. பிறகு அவனை. மறுபடி குகைவாய். அவன். குகைவாய். வேகமாக. இன்னும் வேகமாக. அவள் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பேசு என்கிறாள். கத்து என்கிறாள்.

இன்னும் ஒரு கணம், என்று அவன் நினைத்தான்.

குனிந்து பொம்மையைத் தரையில் வைத்தான். சொல்ல வேண்டிய நேரம். சொற்கள் நாக்கின் மேலேயே இருந்தன. சொன்னால் அவள் முகம் இருக்காது. இன்னும் ஒரு கணம்.

இருட்டில், மிக அருகே, ஆட்டுக்கிடாயின் நாற்றம் எழுந்தது. கல்லில் குளம்பு உரசியது. யாரோ குழலில் வாயை வைத்து, ஊதாமல், காற்றை மட்டும் விட்டார்கள்.

சீவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

அவள் முகத்தில் மூக்கு இல்லை, உதடு இல்லை. எத்தனையோ தலைமுறைகள் தொட்டுத் தொட்டு முத்தமிட்டுத் தேய்த்துவிட்ட முகம். பொம்மையை எடுத்தாள். உலுக்கினாள். காதருகே வைத்துக் கேட்டாள். அவனைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். அவன் மெலித்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீவியவள் பொம்மையின் சின்னக் கையைப் பிடித்து, மெதுவாக உயர்த்தி, குகைவாயைச் சுட்டிக் காட்டினாள்.

மெலித்தாவின் கண்கள் மூடிக்கொண்டன.

அப்போதுதான் அவன் கத்தினான். சொற்கள் அல்ல. வெறும் கத்தல். பாறைகள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லின. அது அடங்கியபோது தொட்டியருகே யாரும் இல்லை. அவன் சுவரிடம் ஓடினான். மூன்று பெண்களும் இருந்தார்கள், ஆட்டுக்காலன் இருந்தான். கடைசிப் பெண்ணின் கையைப் பிடித்தபடி, அவள் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன உருவம். கும்பிட வருபவர்களைச் சின்னதாகச் செதுக்குவது வழக்கம்தான். அது முன்பே அங்கே இருந்ததா என்று அவனால் நினைவுபடுத்த முடியவில்லை. விரலால் தொட்டான். கல்லில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

அவன் வெளியே வந்தபோது சில்வண்டுகள் மறுபடி கத்திக்கொண்டிருந்தன.

மிக்கா வைத்த இடத்திலேயே, கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் சிறு குழி பறித்திருந்தது. உதடுகள் நல்ல சிவப்பாக இருந்தன.

கத்தல் கேட்டு தெரோன் விழித்திருந்தான். எழுப்பாமல் போனதற்கு மைத்துனனைத் திட்டினான். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டுவதை நிறுத்திக்கொண்டான்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அவ்வளவுதான் மாப்ள. இனி ஒண்ணுமில்ல." அவன் கலயத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். குழந்தையை ஒரு பார்வை பார்த்தான். "வெயில்ல கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குது பாரு. தூக்கிக்கோ. திரும்பிப் பார்க்காதே. சிரிச்சுக்கிட்டே எறங்கணும், தெரியும்ல?"

ஆர்கியாஸ் குனிந்து மகளைத் தூக்கினான். கைகால் மடங்கவில்லை. நினைத்ததைவிடக் கனத்தாள். இந்தக் கனம் அவனுக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு முறை இந்த மலையிலிருந்து இதைத்தான் சுமந்து இறங்கியிருக்கிறான். இதைத்தான் குழிதோண்டிப் புதைத்து, எண்ணெய் வார்த்து, தன் முடியை வெட்டிப் போட்டான். அவன் உள்ளங்கைகள் செம்மண் ஒட்டிச் சிவந்துவிட்டன.

அவளைத் தன் தோளில் உட்காரவைத்து, இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டான்.

மேலே, குகைக்குள், ஒரு குழந்தை சிரித்தது. அவனுக்கு மிகவும் பழக்கமான சிரிப்பு. கூடவே மூச்சுவிடாமல் சிரிக்கும் வேறு மூன்று சிரிப்புகள். தெரோனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் முன்னால் நடந்தபடி, ஏதோ கெட்ட பாட்டு ஒன்றை உரக்கப் பாட ஆரம்பித்திருந்தான்.

"சிரி மாப்ள," என்றான், திரும்பாமலே.

ஆர்கியாஸ் சிரித்தான். ஓர் அறுவடைக்குப் பிறகு முதன்முறையாக, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான். வழி செங்குத்தானது. அவன் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அந்தச் சின்னக் கால்கள் அவன் மார்பில் மோதின.

டொக்.

டொக்.

டொக்.